புள்ளிக்கு நான் கொட்டிய மண்

பாப்பா,

இந்தக் கடிதத்தை உன் மாமியார் எதிரில் பிரிக்காதே. மாப்பிள்ளை படிக்கலாம், படிக்கவும் வேண்டும். ஆனால் முதலில் நீ ஒருத்தி படி. உட்கார்ந்து படி, ஏழாம் மாசத்தில் நின்றுகொண்டு படிக்கிற விஷயம் இல்லை இது. போனில் சொல்லியிருக்கலாமே என்று கேட்பாய். நம் வீட்டில் நான் போனை எடுத்தால் உன் அம்மா இன்னொரு பக்கம் காதை ஒட்டிக்கொண்டு நிற்பாள் என்பது உனக்குத் தெரியாததா? அது மட்டும் காரணம் இல்லை. எட்டு வருஷமாக வாய் வரைக்கும் வந்து திரும்பிப் போன பேச்சு இது. போனில் ஆரம்பித்தால் பாதியில் “சரி, சாப்ட்டியாம்மா” என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவேன். என்னை எனக்குத் தெரியும். எழுத்து என்றால் அப்படி நழுவ முடியாது.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். பிரசவத்துக்கு நம் வீட்டுக்கு நீ வரக்கூடாது. வளைகாப்புக்கு நானும் அம்மாவும் செவ்வாப்பேட்டைக்கு வருவோம். புடவை, வளையல், ஏழு வகை சாதம் எல்லாம் வரும். ஆனால் வளையல் அடுக்கி, சந்தனம் பூசி முடிந்ததும், தலைப்பிள்ளைக்குப் பெண்ணை அழைத்துப் போகிறோம் என்று பெண்ணைப் பெற்றவன் எழுந்து நின்று கேட்க வேண்டும் இல்லையா, அதை நான் கேட்க மாட்டேன். உன் மாமியார் முகம் எப்படிப் போகும் என்று இப்போதே தெரிகிறது. ஒரே பெண்ணுக்கு ஒரு பிரசவம் பார்க்க வக்கில்லாதவன் என்று சொந்தக்காரர்கள் ஆளாளுக்குப் பேசுவார்கள். பேசட்டும். ஆனால் நீ அப்படி நினைத்துவிடக் கூடாது. உன் குழந்தை தவழ்கிற தரை இந்த வீட்டுத் தரையாக இருக்கக்கூடாது. அதற்காகத்தான் எழுதுகிறேன்.

உன் அம்மா இங்கே ஒரு மாசமாகத் தரையில் கால் பாவாமல் திரிந்தாள். பின் அறையைக் கழுவிச் சுண்ணாம்பு அடித்தாகிவிட்டது. பரணில் இருந்து உன் தூளிக் கயிறு இறங்கிவிட்டது. பழைய நூல் புடவைகளைக் கிழித்துத் துவைத்து, குழந்தைக்கு விரிக்க என்று கொல்லைக் கொடியில் காயப் போட்டிருந்தாள். நேற்று காற்றில் இரண்டு துணி பறந்து மண்ணில் விழுந்தது. எடுத்து ஒரு உதறு உதறி மறுபடியும் கொடியில் போட்டாள். நான் சமையலறை ஜன்னலில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தக் கொல்லை மண் என்ன மண் என்று எனக்குத் தெரியும், அவளுக்கு நேற்று வரை தெரியாது. உனக்கும் தெரியாது. அதைச் சொல்ல வேண்டுமானால் புள்ளியிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும்.

புள்ளியை நீ மறந்திருக்க மாட்டாய். நீ ஒன்பதாவது படித்த வருஷம், கொளத்தூரில் கலர் மீன் கடை வைத்திருக்கும் உன் மாமா கொண்டுவந்து கொடுத்தான். அவன் வாடிக்கைக்காரர் யாரோ குடும்பத்தோடு வெளிநாடு போகும்போது, தொட்டியோடு அவன் தலையில் கட்டிவிட்டுப் போன வெளிநாட்டுப் பல்லி. மஞ்சள் உடம்பு, சிறுத்தைக்கு இருக்கிற மாதிரி கறுப்புப் புள்ளிகள், விரல் தண்டி கொழுத்த வால். “பல்லியை அடிச்சித் தொரத்துவாங்க. இங்க இன்னாடான்னா தொட்டில்ல வெச்சி வளக்கறாங்க. மேல வுழுந்தா எவ கோயிலுக்கு ஓடறது?” என்று உன் அம்மா இரண்டு நாள் கத்தினாள். இது சுவர் ஏறாது, மேலே விழ வழியே இல்லை என்று நீ அவளுக்குப் பாடம் நடத்தினாய். நம் வீட்டுப் பல்லியைப் போல இதற்கு ஒட்டுகிற கால் இல்லை. தரையிலேயே நடக்கும், தரையிலேயே படுக்கும், வழியில் இருப்பதையெல்லாம் நக்கி நக்கிப் பார்த்துத் தெரிந்துகொள்ளும். நம்மைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டும். அந்தச் சிமிட்டலில்தான் உன் அம்மாவும் கவிழ்ந்தாள். அப்புறம் கரப்பான் பிடித்துக் கொடுத்ததே அவள்தான்.

தொட்டியோடு ஆங்கிலத்தில் ஒரு தாள் வந்தது. நீ அகராதியை வைத்துக்கொண்டு ஒரு மாலை முழுக்க உட்கார்ந்து படித்தாய். அடியில் காகிதம் விரிக்கலாம், இல்லையென்றால் வழவழப்பான ஓடு பதிக்கலாம், மணல் மட்டும் போடக்கூடாது, இரை பிடிக்கும்போதும் நக்கும்போதும் மணலும் உள்ளே போய்க் குடலை அடைத்துவிடும் என்று அதில் போட்டிருந்தது. நீ அப்படியே செய்தாய். பழைய செய்தித்தாளை அளவு பார்த்து வெட்டி விரித்தாய். தினம் மாற்றினாய். பதினான்கு வயதுப் பிள்ளை தாளில் இருப்பதைப் படித்து அதன்படி நடந்தது. நாற்பத்திரண்டு வயது சூப்பர்வைசர் ஒருத்தன் வேலை முடிந்து வந்து தொட்டியை எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தான். “பாலைவனத்துப் பிராணிக்குப் பேப்பர் போட்டுக்கீறியே, அது இன்னா தலைப்புச் செய்தி படிக்கப் போவுதா?” என்று கேட்டேன். நீ தாளைக் காட்டினாய். “எழுதினவன் பாலைவனத்தைப் பாத்துக்கீறானா?” என்றேன். நான் மட்டும் பார்த்திருந்தேனாக்கும். எனக்கு அப்படி ஒரு வியாதி, எது கேட்டாலும் தெரியும் என்பது. கம்பெனியில் முப்பது பேர் என் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றதில் வந்த வியாதி.

அந்த ஞாயிற்றுக்கிழமை கொல்லையில் ஓரமாகக் கிடந்த குவியலில் இருந்து இரண்டு சட்டி அள்ளினேன். உன் அம்மாவின் மாவுச் சல்லடையில் சலித்தேன், அதற்கு அவள் என்னைத் திட்டியது தெரு முழுக்கக் கேட்டது. மூன்று தண்ணீர் விட்டு அலசினேன். அலசின தண்ணீரை முருங்கை வேரில் ஊற்றினேன், வீணாகப் போகக்கூடாது பார். வெயிலில் காயவைத்ததும் கறுகறுவென்று மினுமினுப்பாக வந்தது. உன் காகிதத்தை உருவி எறிந்துவிட்டு அதைத் தொட்டியில் இரண்டு விரல் உயரத்துக்குப் பரப்பினேன். கறுப்பு மண்ணில் மஞ்சள் பல்லி நடந்தபோது நீகூடக் கை தட்டினாய். “அழகா கீது நைனா” என்று சொன்னாய். அந்த அரை மணி நேரம் எனக்கு இருந்த பெருமையை இப்போது நினைத்தால் காறித் துப்ப வேண்டும் போல இருக்கிறது.

அந்தக் கறுப்பு மண், மண் இல்லை. நம் கம்பெனி என்ன செய்தது என்று உனக்குத் தெரியும். லாரி லாரியாகப் பழைய பேட்டரி வரும், உடைத்து, உள்ளே இருக்கும் ஈயத்தை உலையில் போட்டு உருக்கிப் பாளம் ஊற்றுவோம். உருக்கின பிறகு அடியில் மிஞ்சுகிற கறுப்புக் கசடுதான் அது. எங்கள் பேச்சில் ஸ்லாக். கம்பெனிக்குப் பின்னால் மலை மாதிரி கிடந்தது. அதை எங்கே தள்ளுவது என்று கம்பெனிக்கு ஒரு தலைவலி. நம் தெருவுக்கு வேறு தலைவலி. ஏரி மேட்டுக்கு இந்தப் பக்கம் எல்லாம் பள்ளம், ஐப்பசி வந்தால் முழங்கால் தண்ணீர், பாம்பு பாத்திரத்தோடு பாத்திரமாக மிதந்து வரும். மனையை மேடாக்க மண் கிடைக்காமல் எல்லாரும் அல்லாடினபோது, யார்டு சூப்பர்வைசரான நான்தான் மானேஜரிடம் பேசி லாரியைத் தெருவுக்குத் திருப்பினேன். பதினோரு வீடு. ஒவ்வொரு வீட்டிலும் அஸ்திவாரத்துக்கு உள்ளே, வாசலில், கொல்லையில். அந்த வருஷ மழைக்கு ஒரு வீட்டிலும் தண்ணீர் ஏறவில்லை. பொங்கலுக்குத் தெருக்காரர்கள் எனக்கு மாலை போட்டார்கள். போட்டோகூட இருக்கிறது.

ஈயம் கெட்டது என்று எனக்குத் தெரியாதா என்று நீ கேட்கலாம். தெரியும் என்றும் சொல்ல முடியாது, தெரியாது என்றும் சொல்ல முடியாது. ஆறு மாசத்துக்கு ஒரு தரம் எங்களுக்கு ரத்தம் எடுப்பார்கள். அளவு ஏறினவனை இரண்டு மாசம் கேட் வேலைக்கு அனுப்புவார்கள். தினமும் ஆளுக்கு ஒரு அச்சு வெல்லமும் இரண்டு வாழைப்பழமும் கொடுப்பார்கள், அதைத் தின்றால் ஈயம் வெளியே போய்விடும் என்று நாங்கள் எல்லாரும் நம்பினோம். நானே புது ஆட்களுக்கு அதைப் பெரிய வைத்தியன் மாதிரி சொல்லிக் கொடுத்தேன். உலைப் புகைதான் கெட்டது, ஆறின கசடு வெறும் கல்தானே என்பது எங்கள் கணக்கு. அந்தக் கணக்கு எங்களுக்கு வசதியாக இருந்தது. அதனால் யாரும் அதைக் கிளறிப் பார்க்கவில்லை.

புள்ளி ஐந்து வாரம் நன்றாக இருந்தது. ஆறாவது வாரம் இரை எடுப்பதை நிறுத்தியது. கொழுத்த வால் நாளுக்கு நாள் சூம்பியது. நடக்கும்போது முன்கால் நடுங்கியது, பின்கால் இழுத்தது. ஒரு காலை நீ அதைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் மல்லாத்திக் காட்டினாய். வெள்ளை வயிற்றுத் தோல் வழியாக உள்ளே கறுப்பாக ஒரு கட்டி தெரிந்தது. “நைனா, மண்ணு உள்ள கீது” என்றாய். எனக்கு அப்போதே உறைத்துவிட்டது. ஆனால் வாய், “ஒண்ணும் இல்லம்மா, அது ஈரலு” என்று சொன்னது.

பள்ளிக்கு மட்டம் போட்டு அழுததால் மொபெட்டில் உன்னை வைத்து மாட்டு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். செருப்புப் பெட்டியில் பல்லியை வைத்துக்கொண்டு, ஆட்டுக்காரர்கள் சிரிக்கச் சிரிக்க வரிசையில் நின்றோம். டாக்டர் நல்ல மனுஷன், சிரிக்கவில்லை. பெட்டியோரம் ஒட்டியிருந்த கறுப்பு மண்ணை விரலால் தொட்டுத் தேய்த்துப் பார்த்தார். “அடியில என்ன போட்டிருக்கீங்க?” என்று கேட்டார். “மணலு சார். ஆத்து மணலு.” “ஆத்து மணல் இவ்ளோ கறுப்பா இருக்குமா?” “எங்க பக்கம் அப்பிடித்தான் சார்.” அவர் என்னை நன்றாகப் பார்த்தார். “தொழிற்பேட்டைக்குப் பின்னாடி மேயற மாடு ரெண்டு இந்த மாசம் வந்துது. கண்ணு தெரியாம செவுத்துல தலையை முட்டிக்கிட்டே நின்னுது. ரெண்டும் செத்துப் போச்சு. நீங்க எந்தக் கம்பெனில வேலை பாக்கறீங்க?” என்றார். நான் கண் சிமிட்டும் நேரம்கூட யோசிக்கவில்லை. “பேக்கிங் கம்பெனி சார், அட்டைப் பெட்டி” என்றேன். உண்மையைச் சொன்னால் அவர் எழுதுவார். எழுதினால் யாராவது வந்து மண்ணைத் தோண்டுவார்கள், கம்பெனியைக் கேட்பார்கள், கம்பெனி என்னைக் கேட்கும், மாலை போட்ட தெரு என் சட்டையைப் பிடிக்கும். இத்தனையும் அந்த ஒரு நொடியில் எனக்கு ஓடியது. அதில் நீ மட்டும் வரவில்லை, நீ என் பக்கத்தில் நின்று என்னை நிமிர்ந்து பார்த்தாய். திரும்பி வரும்போது பின்னால் உட்கார்ந்துகொண்டு, “நைனா, இன்னாத்துக்கு அட்டைப் பெட்டின்னு சொன்ன?” என்று கேட்டாய். “பெரியவங்க பேசறதுல நீ மூக்க நொழைக்காத” என்று சொல்லி வண்டியை முடுக்கினேன்.

மூன்றாம் நாள் புள்ளி செத்தது. மண் அடைத்துச் செத்ததா, ஈயம் ஏறிச் செத்ததா, இரண்டும் சேர்ந்தா என்று இன்று வரை யாரும் சொல்ல முடியாது. ஆனால் நான் ஒன்று சொன்னேன். அதுதான் இந்தக் கடிதத்தில் எழுதவே கை கூசுகிற இடம். நீ தொட்டியைக் கட்டிக்கொண்டு அழுதபோது, நீ மண்ணைப் பற்றிப் பேச வாயெடுப்பதற்கு முன்னால், “நீ போட்ட கரப்பான்ல பூச்சி மருந்து இருந்திருக்கும். சமையல் ரூம்ல உங்கம்மா சாக்பீஸ் கோடு போட்டுக்கீறா இல்ல, அதான்” என்றேன். நீ சட்டென்று அழுகையை நிறுத்தினாய். “நான்தான் சாவடிச்சிட்டனா நைனா?” என்று கேட்டாய். நான் இல்லை என்று சொல்லவில்லை. “போவட்டும் வுடு, தெரியாம செஞ்சதுதானே” என்று பெரிய மனசு பண்ணி மன்னித்தேன். உன்னை நான் மன்னித்தேன், பாப்பா. இதைவிடக் கேவலமான காரியத்தை நான் வாழ்க்கையில் செய்ததில்லை.

அதற்குப் பிறகு நீ ஒரு உயிரையும் வளர்க்கவில்லை. மாமா மீன் தொட்டி தருகிறேன் என்றான், வேண்டாம் என்றாய். தெருவில் நாய் குட்டி போட்டபோது தூக்கக்கூட இல்லை. போன மாசம் நீ போனில் அம்மாவிடம் பேசினபோது நானும் கேட்டுக்கொண்டிருந்தேன், ஒட்டுக்கேட்பதில் உன் அம்மாவுக்கு நான் சளைத்தவன் இல்லை. “என் கையில ஒரு உயிரு தங்குமாம்மா? பயமா கீதும்மா” என்றாய். அவள் எல்லாப் பெண்ணுக்கும் இருக்கிற பயம்தான் என்று சமாதானம் சொன்னாள். அது எல்லாப் பெண்ணுக்கும் இருக்கிற பயம் இல்லை, நான் உனக்குள் வைத்த பயம். நீ எதையும் கொல்லவில்லை. நீ காகிதம் விரித்தாய், அது சரி. நான் உருவினேன். இதை மனசில் நிறுத்திக்கொண்டு மேலே படி.

பல்லி செத்த பிறகு நான் சும்மா இருக்கவில்லை, அது மட்டும் சொல்லிக்கொள்ளலாம். வாசல் முழுக்கச் சிமெண்டு போட்டேன். தூசி என்று அம்மாவிடம் காரணம் சொன்னேன். கொல்லைக்குச் சிமெண்டு போடக் கிணறும் மரமும் தடுத்தன, அப்புறம் பார்க்கலாம் என்று விட்டேன், அப்புறம் வரவே இல்லை. ஒரு நாள் பஜார் ப்ரௌசிங் சென்டரில் போய் உட்கார்ந்து, அந்தப் பல்லிக்கு என்ன தரை என்று தேடச் சொன்னேன். படம் படமாக வந்தது. காகிதத்துக்கும் ஓட்டுக்கும் பச்சை டிக், மணலுக்குச் சிவப்புப் பெருக்கல் குறி. தாள் சொன்னதே சரி. எழுந்து வந்துவிட்டேன். தெருவில் ஒருத்தரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. என் வாயில் ஈறு ஓரம் நீலக் கோடு விழுந்தது, வயிறு முறுக்கியது, மணிக்கட்டு தொங்க ஆரம்பித்தது. இந்தக் கோணல் எழுத்தைப் பார்த்தாலே உனக்குத் தெரியும். கம்பெனி என்னை வீட்டுக்கு அனுப்பியது. எனக்கு வந்தது வந்துவிட்டது, மற்றவர்களுக்கு ஒன்றும் இல்லையே என்று நினைத்துக்கொண்டிருந்தேன். போன வாரம் வரைக்கும்.

எதிர்வீட்டு ராணியின் மகள் போன வருஷம் தலைப்பிரசவத்துக்கு இங்கே வந்தாள் இல்லையா? மாப்பிள்ளை வெளியூர் வேலை என்பதால் இங்கேயே தங்கிவிட்டாள். பையனுக்கு இப்போது ஒன்றேகால் வயது. நன்றாகத் தவழ்ந்துகொண்டிருந்தவன் தவழ்வதை விட்டுவிட்டான். கூப்பிட்டால் திரும்புவதில்லை. இரண்டு தரம் வலிப்பு வந்தது. சென்னையில் பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார்கள், துணைக்கு ஆம்பிளை இல்லை என்று ராணி என்னைக் கூப்பிட்டாள். அங்கே ஒரு லேடி டாக்டர், உன் வயதைவிடக் கொஞ்சம் மூத்தவள் இருப்பாள், ரத்தச் சீட்டைப் பார்த்துவிட்டு, “வீட்டுல யாராவது ஈயம் சம்பந்தமா வேலை பாக்கறாங்களா? குழந்தை எந்தத் தரையில விளையாடறான்? மண்ணு எடுத்து வாயில வைப்பானா?” என்று கேட்டாள். ராணி, “எந்தப் புள்ள மா வெக்காது?” என்றாள். புள்ளி ஞாபகம் எனக்கு வந்தது. தரையில் ஊர்வது, கண்டதையெல்லாம் நாக்கில் வைத்துப் பார்ப்பது. பல்லியும் அப்படித்தான், பிள்ளையும் அப்படித்தான். இந்த முறை நான் அட்டைப் பெட்டி என்று சொல்லவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். டாக்டர் எழுதிக்கொண்டே வந்தாள். என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பஸ்ஸில் திரும்பி வரும்போது ராணி ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். பிள்ளை அவள் மடியில் தூங்கிக்கொண்டிருந்தது. சோழவரம் தாண்டினதும் ஜன்னலைப் பார்த்தபடியே, “அண்ணே, லாரியை நீதானே இட்டாந்த?” என்றாள். “ஆமாம்மா” என்றேன். “ரெண்டாவது லோடு நான்தானே கேட்டேன்? எங்க ஊட்டுக்கு இன்னொண்ணு போடுண்ணேன்னு உன் பின்னாலயே வந்து கெஞ்சினேனே” என்றாள். அவ்வளவுதான். இறங்கும்போது பையை நான் வாங்கப் போனேன், கொடுக்கவில்லை. அன்றிலிருந்து அவள் வீட்டுக் கதவு எங்கள் பக்கம் திறப்பதில்லை. மீதி ஒன்பது வீட்டுக்கும் நேற்று ராத்திரி நானே போய்ச் சொல்லிவிட்டேன். சிலர் நம்பவில்லை. ஒருத்தன் கையை ஓங்கினான், நான் நகரவில்லை. மண்ணை எடுத்துப் பரிசோதிக்கச் சொல்லிக் கலெக்டர் ஆபீசில் இன்று மத்தியானம் மனு கொடுத்திருக்கிறோம், முதல் கையெழுத்து என்னுடையது.

உன் அம்மாவிடம் இன்று காலையில்தான் சொன்னேன். அடுப்பை அணைத்துவிட்டுக் கேட்டாள். கேட்டு முடித்து, “முருங்கக் கீரை?” என்று ஒரே ஒரு வார்த்தை கேட்டாள். நான் தலையை ஆட்டினேன். போய்க் கொடியில் இருந்த துணியெல்லாம் உருவிச் சுருட்டி வைத்துவிட்டு, கொல்லைக் கதவைச் சாத்தித் தாழ் போட்டாள். இன்னும் என்னோடு பேசவில்லை. ஆனால் பிரசவம் எங்கே பார்ப்பது என்பதற்கு மட்டும் சுவரைப் பார்த்துக்கொண்டு பதில் சொல்கிறாள்.

அதற்கு ஒரு ஏற்பாடு செய்திருக்கிறேன். திருவள்ளூரில் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் ஒரு போர்ஷன் வாடகைக்குப் பிடித்திருக்கிறேன். ஒன்பது வீடு பார்த்தேன். போகிற வீட்டிலெல்லாம் வெள்ளை வேட்டித் துண்டை நனைத்துத் தரையைத் துடைத்துப் பார்த்ததில், இரண்டு வீட்டுக்காரர்கள் என்னைப் பைத்தியம் என்று வெளியே அனுப்பிவிட்டார்கள். துண்டைப் பார்த்து ஈயத்தைக் கண்டுபிடிக்க முடியாது என்று எனக்கும் தெரியும். கை கேட்கவில்லை. இந்த வீடு மொசைக் தரை, விரிசல் இல்லை, சுற்றி மண் தரையே இல்லை, பக்கத்தில் எந்தக் கம்பெனியும் இல்லை. இங்கிருந்து ஒரு பாயோ தலையணையோ கொண்டுவர மாட்டோம். பிரசவத்துக்கு உன்னை அங்கே அழைத்துப் போவதற்குத்தான் உன் அம்மா உன் மாமியாரிடம் தனியாகப் பேசுவாள். தாய் வீடு என்பது தாய் இருக்கிற இடம்தானே, அந்த அளவுக்கு முறை தப்பாது. குழந்தை தவழும் வரை தரையை ஈரத் துணியால் துடை, துடைப்பம் போட்டுத் தூசி கிளப்பாதே. பாயை வெயிலில் போட்டாலும் மண்ணில் போடாதே. நான் பார்க்க வந்தால் கையைக் கழுவாமல் குழந்தையை என்னிடம் கொடுக்காதே. நான் எத்தனை கெஞ்சினாலும்.

இத்தோடு முடித்திருப்பேன். தரையை மாற்றிவிட்டேன், உன் பிள்ளை தப்பித்தது என்று. ஆனால் அந்த லேடி டாக்டரிடம் கிளம்பும்போது, எனக்கும் ஒரு மகள் ஏழு மாசமாக இருக்கிறாள், அவளை இங்கே வரவிடாமல் வைத்தால் போதுமா என்று கேட்டேன். அவள் பேனாவைக் கீழே வைத்தாள். “அவங்க எங்க வளந்தாங்க?” என்று கேட்டாள். இங்கேதான் என்றேன். ஈயம் உடம்பில் ஏறினால் ரத்தத்தில் இருந்து இறங்கி எலும்பில் போய் உட்கார்ந்துகொள்ளுமாம். வருஷக்கணக்கில் அங்கேயே சத்தமில்லாமல் இருக்குமாம். பெண் கர்ப்பமானால், குழந்தையின் எலும்புக்காகத் தாயின் எலும்பு கரைந்து கொடுக்குமாம். கொடுக்கும்போது அதுவும் கூடப் போகுமாம். உனக்கு இருக்கும் என்று அவள் சொல்லவில்லை, இருக்கலாம் என்றாள். பார்த்துவிட்டால் செய்ய வேண்டியது இருக்கிறது, மருந்து இருக்கிறது, சாப்பாடு இருக்கிறது, பிறந்ததும் குழந்தையைக் கவனிக்க வழி இருக்கிறது, பார்க்காமல் விடுவதுதான் ஆபத்து என்றாள்.

அதனால் நாளைக்கே மாப்பிள்ளையைக் கூட்டிக்கொண்டு உன் டாக்டரிடம் போ. ஈயத்துக்கு ரத்தம் பார்க்கச் சொல். எதற்கு என்று கேட்பார்கள். அப்பா ஈயக் கம்பெனியில் இருபது வருஷம் இருந்தார் என்று சொல். அங்கே குளித்துவிட்டு வர இடம் இருந்தது, ஆனால் குளித்தால் ஆறு மணி பஸ் போய்விடும் என்று அவர் தூசிச் சட்டையோடு அப்படியே வருவார் என்று சொல். தெருமுனையில் பஸ் நிற்கிற சத்தம் கேட்டதும் நீ ஓடி வந்து என் இடுப்பில் ஏறி அந்தச் சட்டையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, வீடு வந்து சேரும் வரை இறங்க மாட்டாய். மூன்று வயதிலிருந்து எட்டு ஒன்பது வயது வரைக்கும், ஞாயிற்றுக்கிழமை தவிர ஒரு நாளும் தவறினதில்லை. எனக்கு அந்த நாளெல்லாம் அதற்காகத்தான் இருந்தது. அதையும் டாக்டரிடம் சொல். வெட்கப்படாமல், ஒன்று விடாமல் சொல்லி, எழுதிக்கொள்ளச் சொல்.

உன்
நைனா